ஆவி எஞ்சின் முன்னும் பின்னும் ஓடுவது எப்படி: வால்வு கியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிறுத்தி வைத்திருக்கும் ஆவி எஞ்சினின் பக்கத்தில் நின்று பார்த்தால் கீழே உள்ள கனத்த தண்டுகள் சீக்கிரம் புரிந்துவிடும். பிஸ்டன் தள்ளுகிறது, சக்கரம் சுற்றுகிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே இருக்கும் மெலிந்த தண்டுகளும், ஒரு வளைந்த சட்டமும், எதற்கென்றே தெரியாமல் சாய்ந்து தொங்கும் நீளமான நெம்புகோலும்தான் ஆளைத் திணறடிக்கும். இதுதான் வால்வு கியர். எஞ்சின் எந்தப் பக்கம் ஓட வேண்டும், ஒவ்வொரு தள்ளலுக்கும் எவ்வளவு ஆவி செலவழிக்க வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானிப்பது இது.

பலரும் இதை விளக்கும்போது ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்கு விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள். மூன்றாவது தண்டுக்கு வருவதற்குள் கேட்பவருக்கு முதல் தண்டு மறந்துவிடும். நான் தலைகீழாகப் போகப்போகிறேன். வால்வு எப்படி அசைய வேண்டும் என்பதை முதலில் ஒரு கிராஃப் தாளில் பார்த்துவிடுவோம். அந்த அசைவை இரும்பில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம். எடுத்துக்கொள்ளும் கியர், கண்டுபிடித்தவர் பெயரால் அழைக்கப்படும் வால்ஷெர்ட்ஸ் கியர். இந்திய ரயில்வேயின் டபிள்யூபி, டபிள்யூஜி, ஒய்பி, ஒய்ஜி என்ற ஆவி எஞ்சின் வகைகள் எல்லாவற்றிலும் இருந்தது இதுதான். வெளியே தெரியும்படி இருப்பதால் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் இதுவே வசதி.

தேவையானவை: ஒரு ஏ4 கிராஃப் தாள், ஸ்பைரல் பைண்டிங் கடையில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்று, குண்டூசி, ஸ்கேல், மார்க்கர் பேனா, அடியில் வைக்கக் கெட்டி அட்டை.

படி 1: வால்வின் வேலை என்ன?

ரயில் எஞ்சினின் சிலிண்டரில் பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஆவி வேலை செய்யும். முன்பக்கம் ஆவி நுழையும்போது பின்பக்கத்தில் இருக்கும் பழைய ஆவி வெளியேற வேண்டும். அடுத்த பாதிச் சுற்றில் இது மாறும். சிலிண்டரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துவாரம் உண்டு. அதே துவாரம் வழியாகத்தான் ஆவி உள்ளே வரும், வெளியேயும் போகும். வால்வு முன்னும் பின்னும் நகர்ந்து, ஒவ்வொரு துவாரத்தையும் ஒருசமயம் கொதிகலன் ஆவியோடும் மறுசமயம் புகைபோக்கியோடும் இணைக்கிறது.

ஒரு முனையை மட்டும் கவனித்தால் ஒரு சுற்றில் நான்கு நிகழ்ச்சிகள். ஆவி நுழையத் தொடங்குவது ஒன்று. நுழைவதை நிறுத்துவது இரண்டு. இதற்குப் பெயர் கட்-ஆஃப். அடைபட்ட ஆவி விரிந்து தள்ளிய பிறகு வெளியே திறந்துவிடுவது மூன்று. வெளியேறும் வழியை மூடி, மிச்ச ஆவியை அமுக்கி மெத்தைபோல வைப்பது நான்கு. இவற்றில் கட்-ஆஃப்தான் காசு விஷயம். பிஸ்டன் ஓட்டம் முடியும் வரை ஆவியை விட்டுக்கொண்டே இருந்தால் இழுவை அதிகம் கிடைக்கும், ஆனால் அழுத்தம் குறையாத ஆவியைப் புகைபோக்கி வழியே வீணாக்குகிறோம். கால்வாசியில் நிறுத்தினால் மிச்ச தூரத்தை ஆவி தானே விரிந்து தள்ளும். நிலக்கரியும் தண்ணீரும் மிச்சம்.

படி 2: லேப், லீட்

வால்வு நடுநிலையில் இருக்கும்போது துவாரத்தை மூடியது போக, ஆவி நுழையும் விளிம்புக்கு அப்பால் எவ்வளவு தூரம் கூடுதலாக மூடியிருக்கிறதோ அது லேப். வால்வு அந்தத் தூரத்தைக் கடந்த பிறகுதான் துவாரம் திறக்கத் தொடங்கும். லேப் இல்லையென்றால் கட்-ஆஃப் ஏறக்குறைய ஓட்டத்தின் முடிவில்தான் வரும், விரிவுக்கே இடமில்லை.

லீட் என்பது பிஸ்டன் ஓட்டத்தின் முனையில், அதாவது டெட் சென்டரில் நிற்கும்போதே துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு. பிஸ்டன் திரும்பும் கணத்திலேயே ஆவி காத்திருக்க வேண்டும் என்பதற்காக இந்தச் சிறு திறப்பு.

நம் மாதிரி எஞ்சினுக்கு லேப் 40 மி.மீ., லீட் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆக, டெட் சென்டரில் வால்வு நடுவிலிருந்து 45 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். இந்த 45-ஐ மறக்க வேண்டாம். எஞ்சின் முன்னால் போனாலும் பின்னால் போனாலும், முழு வேகமானாலும் மெதுவானாலும், டெட் சென்டரில் இந்த 45 மாறவே கூடாது. வால்ஷெர்ட்ஸ் கியரின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

படி 3: பிளாஸ்டிக் வட்டு

கிராஃப் தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதன் வழியே ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு வலப்புறம் 40 மி.மீ. தள்ளி ஒன்று, இடப்புறம் 40 மி.மீ. தள்ளி ஒன்று. வலக்கோடு சிலிண்டரின் முன் துவாரம் ஆவிக்குத் திறக்கும் எல்லை. இடக்கோடு பின் துவாரத்துக்கு. நடுக்கோடு, ஆவி வெளியேறும் வழி திறந்து மூடும் எல்லை.

பிளாஸ்டிக் தாளில் 80 மி.மீ. ஆரத்தில் வட்டம் வெட்டி, மையத்தில் குண்டூசி குத்தி கிராஃப் தாளின் நடுப்புள்ளியில் பொருத்துங்கள். வட்டில் மையத்திலிருந்து வலப்புறமாக 50 மி.மீ. நீள அம்பு ஒன்று வரையுங்கள். இது கிராங்க், அதாவது பிஸ்டனின் தள்ளலை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றும் கை. அம்பு முனை கிடைமட்டமாகப் போய்வரும் தூரம் 100 மி.மீ. என்பதால், வலது கோடியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டரும் பிஸ்டன் ஓட்டத்தில் 1 சதவீதம். கணக்குப் போடவே வேண்டாம், கிராஃப் கட்டங்களை எண்ணினால் போதும்.

அடுத்து, அம்பு நேர் வலப்புறம் இருக்கும் நிலையில், வட்டின் மையத்துக்கு வலப்புறம் 45 மி.மீ. தள்ளி வட்டிலேயே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் ஐந்து புள்ளிகள்: அம்பின் மட்டத்தில் ஒன்று, அதற்குக் கீழே 20, 40, 60 மி.மீ. தூரங்களில் மூன்று, மேலே 60 மி.மீ. தூரத்தில் ஒன்று. முதல் புள்ளி நடுக்கியர். கீழே உள்ள 60 முழு முன்கியர். மேலே உள்ள 60 முழு பின்கியர்.

இப்போது வட்டை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். நீங்கள் பார்க்கும் புள்ளி நடுக்கோட்டிலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதுதான் அந்தக் கணத்தில் வால்வின் இடம். புள்ளி வலக்கோட்டைத் தாண்டி வெளியே இருக்கும்வரை முன் துவாரம் ஆவிக்குத் திறந்திருக்கிறது. திரும்பி உள்ளே வரும் கணம் கட்-ஆஃப். நடுக்கோட்டைக் கடக்கும் கணம், சிலிண்டரில் இருந்த ஆவி வெளியே பாய்கிறது.

படி 4: வட்டு சொல்வதைப் படியுங்கள்

ஒவ்வொரு புள்ளியாக வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

- 60: கட்-ஆஃப் 68 சதவீதம், துவாரம் அதிகபட்சம் 35 மி.மீ. திறக்கும், ஆவி வெளியேறத் தொடங்குவது 90 சதவீதத்தில்.
- 40: கட்-ஆஃப் 50, திறப்பு 20 மி.மீ., வெளியேற்றம் 83.
- 20: கட்-ஆஃப் 25, திறப்பு 9 மி.மீ., வெளியேற்றம் 70.
- நடுக்கியர்: கட்-ஆஃப் 5.5, திறப்பு 5 மி.மீ., வெளியேற்றம் 50.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன்.

முதலாவது, எஞ்சினைத் திருப்புவதும் ஆவியைச் சிக்கனம் செய்வதும் ஒரே செயல். புள்ளி அந்தச் செங்குத்துக் கோட்டில் கீழிருந்து மேலே ஏறுகிறது. வழியில் கட்-ஆஃப் குறைந்துகொண்டே வந்து, நடுவைத் தாண்டியதும் எஞ்சின் மறுபக்கம் ஓடத் தொடங்குகிறது. புள்ளியை இப்படி நகர்த்த டிரைவரின் கையில் இருப்பது ரிவர்ஸிங் லீவர். பெயரைப் பார்த்து அது பின்னால் போவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஓடும் எஞ்சினில் டிரைவர் அதைத் தொடும் நேரங்களில் பெரும்பாலானவை சிக்கனத்துக்காகத்தான்.

இரண்டாவது, நடுக்கியரிலும் ஆவி நுழைகிறது! லீட் அளவுக்குத் துவாரம் திறக்கத்தான் செய்கிறது. அதனால் லீவரை நடுவில் வைத்துவிட்டால் எஞ்சின் செத்துவிட்டது என்று நம்பக் கூடாது. நிறுத்தி வைக்கும்போது ரெகுலேட்டரை (கொதிகலனிலிருந்து சிலிண்டருக்குப் போகும் ஆவியைத் திறந்து மூடும் வால்வு) மூடி, கை பிரேக்கைப் போட்டு, சிலிண்டரின் டிரெயின் காக்குகளை (தண்ணீரை வடியவிடும் குழாய்கள்) திறந்துவைப்பது இதனால்தான்.

மூன்றாவது, 25 சதவீதத்தில் துவாரம் 9 மி.மீ. மட்டுமே திறக்கிறது. வேகமாக ஓடும்போது அவ்வளவு சின்ன இடுக்கில் ஆவி புகுந்து வருவதற்குள் அழுத்தம் போய்விடும். லேப்பைக் கூட்டி, வால்வு ஓட்டத்தை நீட்டினால் இந்தத் திறப்பு பெரிதாகும். இங்கிலாந்தில் 1925-ல் இரண்டு ரயில்வே கம்பெனிகள் எஞ்சின்களை மாற்றி ஓட்டிப் பார்த்தபோது, கிரேட் வெஸ்டர்னின் காசில் வகுப்பு எஞ்சின், மற்றக் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் கிரெஸ்லி வடிவமைத்த, தன்னைவிடப் பெரிய பசிஃபிக் வகை எஞ்சினைவிடக் குறைந்த கரியில் ஓடிக் காட்டியது. காரணங்களில் முக்கியமானது நீண்ட வால்வு ஓட்டம். அதன் பிறகு கிரெஸ்லி தன் எஞ்சின்களின் வால்வு கியரைத் திருத்தினார், கரிச் செலவு கணிசமாக இறங்கியது. கொதிகலனைத் தொடாமல், தண்டுகளின் அளவை மாற்றியே கிடைத்த லாபம் இது.

இன்னொன்றும் வட்டில் பார்க்கலாம். இரண்டு பக்கச் சிலிண்டர்களின் கிராங்குகள் 90 பாகை இடைவெளியில் இருக்கும். முழு முன்கியரில் ஒவ்வொரு பக்கமும் டெட் சென்டருக்கு அப்பால் சுமார் 111 பாகை வரை ஆவி நுழைவதால், எஞ்சின் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளும். 20-ல் வைத்தால் 60 பாகை வரைதான். ஒவ்வொரு 90 பாகையிலும் 30 பாகை இடைவெளி, அங்கே நின்றுவிட்டால் எஞ்சின் கிளம்பாது. கிளம்பும்போது டிரைவர் லீவரைக் கோடி வரை தள்ளுவதற்குக் காரணம் பலத்தோடு இதுவும்தான்.

படி 5: 45-ஐயும் 60-ஐயும் இரும்பில் செய்வது

வட்டில் உள்ள புள்ளியின் அசைவு இரண்டு அசைவுகளின் கூட்டல். கிராங்கோடு ஒத்துப்போகும், என்றும் மாறாத 45 ஒன்று. கிராங்குக்குச் செங்குத்தான, மேலே கீழே மாற்றக்கூடிய 60 மற்றொன்று. வால்ஷெர்ட்ஸ் இந்த இரண்டையும் எஞ்சினின் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து, ஒரே நெம்புகோலில் கூட்டினார்.

மாறாத பங்கு கிராஸ்ஹெட்டிலிருந்து வருகிறது. பிஸ்டன் தண்டின் முனையில் முன்னும் பின்னும் ஓடும் கட்டைதான் கிராஸ்ஹெட். அதன் அசைவு கிராங்கோடு ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை. அங்கிருந்து ஒரு சிறு இணைப்புத் தண்டு, சாய்ந்து தொங்கும் நீள நெம்புகோலின் கீழ்முனையை ஆட்டுகிறது. இதன் பெயர் காம்பினேஷன் லீவர். பிஸ்டன் ஓட்டம் 720 மி.மீ. என்று வைத்தால் பாதி 360. அதை 45-ஆகக் குறைக்க 8-க்கு 1 என்ற விகிதம் வேண்டும். டபிள்யூபி எஞ்சினின் ஓட்டம் 28 அங்குலம், அதாவது 711 மி.மீ., ஆகவே நம் கணக்கு நிஜத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை.

மாறும் பங்கு சக்கரத்திலிருந்து வருகிறது. முக்கியக் கிராங்க் பின்னின் வெளி முனையில் ரிட்டர்ன் கிராங்க் என்ற சிறு கை திருகப்பட்டிருக்கும். அதன் நுனி, கிராங்குக்கு 90 பாகையில் ஒரு சின்ன வட்டத்தில் சுற்றும். அங்கிருந்து எக்சென்ட்ரிக் தண்டு போய், நடுவில் அச்சு கொண்ட வளைந்த சட்டத்தை ஆட்டும். இதுதான் எக்ஸ்பான்ஷன் லிங்க். லிங்கின் கீழ்ப்பாதி முன்னே போகும்போது மேல்பாதி பின்னே போகும், நடுப்பகுதி அசையவே அசையாது. லிங்கின் காடியில் டை பிளாக் என்ற சிறு இரும்புத் துண்டு ஏறி இறங்கும். லிங்கின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் ரேடியஸ் ராட் என்ற தண்டின் பின்முனையில் அது இருக்கிறது. டிரைவர் லீவரை நகர்த்தும்போது ரேடியஸ் ராட் தூக்கப்படுகிறது அல்லது இறக்கப்படுகிறது. வட்டில் புள்ளி செங்குத்துக் கோட்டில் ஏறி இறங்கியதே, அதுதான் இது.

ரேடியஸ் ராடின் முன்முனை காம்பினேஷன் லீவரின் மேல்பகுதியில் இணைகிறது, வால்வுத் தண்டும் அங்கேயே. இரண்டு அசைவும் அங்கே கூடி வால்வுக்குப் போகின்றன.

வீட்டில் சிறிய ஆவி எஞ்சின் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிஸ்டன் வால்வு என்பது ஒரே தண்டில் இரண்டு தலைகள் கொண்ட உருளை வால்வு. அதில் ஆவி இரண்டு தலைகளுக்கும் நடுவே இருந்து நுழைகிறது. அதற்கு ரேடியஸ் ராட் மேலே, வால்வுத் தண்டு அதற்குக் கீழே. பழைய தட்டை ஸ்லைடு வால்வில் ஆவி வெளிப்பக்கமிருந்து நுழைவதால் நேர்மாறு: வால்வுத் தண்டு மேலே, ரேடியஸ் ராட் கீழே. ரிட்டர்ன் கிராங்கும் மாறும். முன்கியரில் டை பிளாக் லிங்கின் கீழ்ப்பாதியில் இருக்கும் வழக்கமான அமைப்பில், பிஸ்டன் வால்வுக்கு ரிட்டர்ன் கிராங்க் முக்கியக் கிராங்கை 90 பாகை பின்தொடரும். ஸ்லைடு வால்வுக்கு 90 பாகை முந்தும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிட்டால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

விகிதமும் சற்று மாறும். பிஸ்டன் வால்வில், கூடுதல் அசைவு காம்பினேஷன் லீவர் வழியே வரும்போது 8-க்கு 7 பங்காகக் குறைகிறது. ஆகவே வால்வில் 60 வேண்டுமானால் ரேடியஸ் ராட் 68.6 மி.மீ. அசைய வேண்டும். ஸ்லைடு வால்வில் அது 9-க்கு 8 என்ற விகிதத்தில் பெருகுவதால் 53.3 மி.மீ. போதும். லிங்கின் நீளத்தையும் ரிட்டர்ன் கிராங்கின் ஆரத்தையும் இந்த எண்களிலிருந்துதான் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

லிங்கின் வளைவும் சும்மா இல்லை. அதன் வளைவு ஆரம் ரேடியஸ் ராடின் நீளத்துக்குச் சமம். அதனால், லிங்க் நடுநிலையில் நிற்கும்போது டை பிளாக்கைக் கோடியிலிருந்து கோடிவரை ஏற்றி இறக்கினாலும் ரேடியஸ் ராடின் முன்முனை அசையாது. லீட் மாறாமல் இருப்பது இந்த வடிவியலால்தான். ரேடியஸ் ராட் என்ற பெயரும் இதனால் வந்தது.

கனெக்டிங் ராட் சாய்வதால் வரும் கோணல் ஒன்று நம் வட்டில் சேரவில்லை. கிராங்க் நேர் கீழே இருக்கும்போது பிஸ்டன் சரியாகப் பாதியில் இருக்காது, சற்றுப் பின்தள்ளி இருக்கும். ஆனால் காம்பினேஷன் லீவரும் அதே கிராஸ்ஹெட்டிலிருந்து அசைவை எடுப்பதால் அதே கோணல் வால்விலும் வந்து, பிழையைப் பெருமளவு சரிக்கட்டிவிடுகிறது. காகிதத்தில் இதைப் பார்த்தபோது எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடியது.

கொஞ்சம் வரலாறு

லேப் இல்லாத காலத்தில் திருப்புவது எளிது. அப்போது வால்வை ஆட்டியது எக்சென்ட்ரிக், அதாவது அச்சில் மையம் விலகிப் பொருத்திய வட்டு. முன் ஓட்டத்துக்கும் பின் ஓட்டத்துக்கும் வேண்டிய எக்சென்ட்ரிக் நிலைகள் நேரெதிரே இருக்கும். லேப் வந்ததும் அந்த இரண்டு நிலைகளும் நேரெதிர் இல்லாமல் போயின. நம் வட்டில் இரண்டு 60 புள்ளிகளுக்கும் இடையே 106 பாகைதான். ஆகவே அச்சில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு எக்சென்ட்ரிக்குகள் வைத்து, கொக்கி முனைகளால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்கவைத்தார்கள். ஓடும்போது மாட்டுவது பெரும் பாடு.

1842-ல் நியூகாசிலில் ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் வில்லியம்ஸ், வில்லியம் ஹோ என்ற இருவர், அந்த இரண்டு எக்சென்ட்ரிக் தண்டுகளின் முனைகளையும் ஒரு வளைந்த லிங்கால் இணைத்துவிட்டார்கள். முதலாளியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது: ஸ்டீபன்சன் லிங்க். வட்டின் மொழியில் சொன்னால், இரண்டு 60 புள்ளிகளையும் அச்சில் நிஜமாகவே பொருத்தி, இடையில் வழுக்கிப் போகிறார்கள். ஆனால் அந்த வழி நேர்கோடு இல்லை, வில். தண்டுகள் குறுக்கிடாமல் இருந்தால் நடுக்கியரை நெருங்க நெருங்க லீட் கூடும், குறுக்கிட்டிருந்தால் குறையும். கூடுவதை வேக எஞ்சின்களுக்கு நல்லது என்று விரும்பியவர்களும் உண்டு.

எகிட் வால்ஷெர்ட்ஸ் பெல்ஜியத்தின் மெகெலன் ஊர்க்காரர். அரசு ரயில்வேயின் பிரஸ்ஸல்ஸ் பட்டறையில் ஃபோர்மேன். அந்தப் பதவியில் இருந்தவர் சொந்தப் பெயரில் காப்புரிமை எடுக்க முடியாததால் 1844-ல் ஃபிஷர் என்ற எஞ்சினியர் பெயரில் எடுத்தார்கள். ஜெர்மனியில் ஹாய்சிங்கர் என்பவர் 1849-ல் தனியாகவே இதே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

படி 6: கேபினில்

லீவர் இரண்டு விதம். நீளமான கைப்பிடியும் பல்வரிசையும் கொண்டது ஒன்று. சட்டென்று கோடிக்குக் கோடி தள்ளலாம். வண்டி கோர்க்கும் ஷண்டிங் எஞ்சினுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது கொக்கியை விடுவித்தால் வால்வின் விசை முழுக்கக் கைக்கு வரும். லீவர் எகிறி ஆளை அடித்துப் போடும். மற்றது திருகு, மெதுவானது, பாதுகாப்பானது, 1 சதவீதம் வரை நுணுக்கமாக வைக்கலாம்.

ஓட்டும் வரிசை இது. டிரெயின் காக்குகளைத் திறந்து வையுங்கள். குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராகி நிற்கும். தண்ணீரை அமுக்க முடியாது, சிலிண்டர் மூடியே பெயர்ந்துவிடும். லீவரை முழு முன்கியரில் வைத்து, பிரேக்கை விட்டு, ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். நாலைந்து சுற்று ஓடி, தண்ணீர் போனதும் காக்குகளை மூடலாம். வேகம் பிடிக்கப் பிடிக்க லீவரை நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே வர வேண்டும். 68-லிருந்து 50, 40, அப்புறம் 25. புகைபோக்கியின் சத்தம் அடைத்த அதிர்விலிருந்து மெல்லிய வெட்டொலியாக மாறுவதைக் கேட்டே அனுபவசாலிகள் வைப்பார்கள்.

வேகத்தைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டரை மூடுவதா, கட்-ஆஃபைக் குறைப்பதா? பொதுவாக ரெகுலேட்டரை நன்றாகத் திறந்து, கட்-ஆஃபைக் குறைப்பதே சிக்கனம். ஆனால் ரொம்பவும் கீழே போனால் வட்டில் பார்த்ததுதான்: வெளியேறும் வழி சீக்கிரம் மூடிக்கொள்வதால் அமுக்கம் அதிகரித்து எஞ்சின் முரட்டுத்தனமாக ஆடும். 15 சதவீதத்துக்குக் கீழே வைப்பதைவிட ரெகுலேட்டரைச் சற்று மூடுவதே மேல் என்பது என் கட்சி.

படி 7: வால்வு செட்டிங்

பழைய எஞ்சினைச் சீரமைப்பவர்களுக்கும் மாதிரி எஞ்சின் கட்டுபவர்களுக்கும் இந்தப் பகுதி. கியர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கடைசியில் சோதித்துச் சரிசெய்யாமல் விடக் கூடாது.

முதலில் டெட் சென்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் சக்கரம் சில பாகை திரும்பினாலும் பிஸ்டன் அசைவது தெரியாது. ஆகவே டெட் சென்டருக்குச் சற்று முன்பே நிறுத்தி, கிராஸ்ஹெட்டின் இடத்தை வழிகாட்டிக் கட்டையில் கீறிக்கொள்ளுங்கள். சட்டகத்தில் ஒரு புள்ளியிலிருந்து கூர்முனைக் கம்பியை வைத்துச் சக்கர விளிம்பிலும் ஒரு கீறல். சக்கரத்தை டெட் சென்டர் தாண்டி உருட்டி, கிராஸ்ஹெட் திரும்பி வந்து அதே கீறலைத் தொடும்போது சக்கர விளிம்பில் மறுபடி கீறுங்கள். இரண்டு கீறல்களின் நடுப்புள்ளி கம்பி முனைக்கு வரும் நிலையே டெட் சென்டர். எப்போதும் ஒரே திசையில் உருட்டி வந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பின்களின் தேய்மானம் அளவைக் கெடுக்கும். எஞ்சின் தன் முழு எடையோடு ஸ்பிரிங்கில் நிற்பதும் அவசியம்.

அடுத்து, ஒவ்வொரு துவாரமும் திறக்கத் தொடங்கும் நிலையை வால்வுத் தண்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வால்வை மூடிய பெட்டிக்குள் பார்க்கத் தேவையில்லை.

இப்போது முக்கியமான சோதனை. முன் டெட் சென்டரில் நிறுத்தி, லீவரை முழு முன்கியரிலிருந்து முழு பின்கியர் வரை நகர்த்துங்கள். வால்வுத் தண்டு அசையவே கூடாது. பின் டெட் சென்டரிலும் இதையே செய்யுங்கள். அசைந்தால், எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டு டெட் சென்டர்களிலும் ஒரே பக்கம் அசைந்தால் எக்சென்ட்ரிக் தண்டின் நீளம் தவறு. ஒன்றில் முன்னும் மற்றதில் பின்னும் அசைந்தால் ரிட்டர்ன் கிராங்க் கோணம் தவறு. இரண்டும் கலந்திருந்தால் முதலில் கோணத்தைத் திருத்துங்கள், மிச்சத்தை நீளத்தில் எடுக்கலாம்.

இது சரியான பிறகு லீட். முன்னும் பின்னும் ஒரே அளவாக இல்லையென்றால் வால்வுத் தண்டின் நீளத்தை, வித்தியாசத்தில் பாதி அளவு திருத்த வேண்டும். இரண்டும் சமம், ஆனால் வேண்டிய 5 மி.மீ. இல்லை என்றால் குற்றம் காம்பினேஷன் லீவரின் துளை இடைவெளியில் இருக்கிறது. அதைத் திருகித் திருத்த வழியில்லை, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

படி 8: வால்வு கியரே பிரேக்

முன்னால் ஓடும் எஞ்சினில் லீவரைப் பின்கியருக்குப் போட்டால் என்ன ஆகும்? நீலகிரி மலை ரயிலில் இதைத் தினமும் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் வடிவமைத்த அந்த எக்ஸ் வகுப்பு எஞ்சினில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். உயர் அழுத்தச் சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அதிலிருந்து வெளியேறும் ஆவி, பல்தண்டவாளப் பகுதியில் தாழ் அழுத்தச் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரங்களை ஓட்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 12 அடிக்கு 1 அடி சரிவு. அந்தச் சரிவில் இறங்கும்போது பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால் அவை காய்ந்து தேய்ந்துபோகும்.

ஆகவே ரெகுலேட்டரை மூடி, ஓடும் திசைக்கு எதிராக லீவரை வைப்பார்கள். சிலிண்டர் இப்போது காற்று அமுக்கும் பம்பு. புகைப்பெட்டியிலிருந்து சாம்பலை உறிஞ்சிவிடாமல் இருக்க வெளிக்காற்றுக்குத் தனி வழி திறக்கப்படுகிறது. அமுக்கப்பட்ட காற்று வெளியேறும் வால்வை டிரைவர் எவ்வளவு மூடுகிறாரோ அவ்வளவு தடை. காற்றை அமுக்கும்போது வரும் சூட்டைத் தணிக்க, சிலிண்டருக்குள் சிறிது தண்ணீர் செலுத்துவார்கள். 1871-ல் திறந்த ரிகி மலை ரயிலைக் கட்டிய நிக்லாஸ் ரிகன்பாக் பெயரால் இந்த பிரேக் முறை அறியப்படுகிறது.

இதையும் பிளாஸ்டிக் வட்டில் சரிபார்க்கலாம். மேலே உள்ள 60 புள்ளியைப் பார்த்தபடி, வட்டை அதே இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பிஸ்டன் முன்முனையை விட்டு 10 சதவீதம் நகர்ந்ததும் புள்ளி நடுக்கோட்டுக்கு இடப்புறம் போகிறது: வெளியேற்ற வழி திறந்து காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. திரும்பும் ஓட்டத்தில் 10 சதவீதத்தில் அது மூடிக்கொள்ள, காற்று அமுங்கத் தொடங்குகிறது. 32 சதவீதத்தில் புள்ளி வலக்கோட்டைத் தாண்டுகிறது. அங்கிருந்து மிச்ச ஓட்டம் முழுக்க, பிஸ்டன் அந்தக் காற்றை ஆவி வந்த வழியிலேயே திருப்பித் தள்ளுகிறது.